வெட்டிய பெயர்

பேட்டையில் இருந்த வேணுவனம் நூற்பாலையில் ஐயம்பெருமாள் பதினான்கு வருடமாக டைம் ஆபீஸ் கிளார்க். வருகைப் பதிவு, விடுப்பு, ஷிப்ட் மாற்றம் எல்லாம் அவன் மேஜை வழியாகத்தான் போகும். இ.எஸ்.ஐ. வேலையும் அவனுடையதுதான். தொழிலாளியின் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, மில்லும் தன் பங்கைச் சேர்த்துக் கட்டிவிட்டால், அவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வைத்தியம் இலவசம். அங்கே முடியாததற்கு டாக்டர் கடிதம் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஆனால் அட்டையில் பெயர் இருக்க வேண்டும். பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஐயம்பெருமாள் எழுதி அனுப்புகிற படிவத்தைப் பொறுத்தது.

அந்த வேலையை அவன் ஒழுங்காகச் செய்வான். ஒரு தடவை ஸ்பின்னிங் பிரிவு பூதத்தானின் மனைவிக்கு இடுப்புவலி கண்டபோது அவள் பெயர் இன்னும் அட்டையில் ஏறவில்லை என்று தெரிந்தது. ஐயம்பெருமாள் மத்தியானச் சாப்பாட்டைக்கூடப் பாராமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போய், கையோடு முத்திரை வாங்கி வந்தான். ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அவ்வளவு பார்த்தவன்தான்.

அவன் மனைவி பிரம்மநாயகி சேரன்மகாதேவிக்காரி. சிறு வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் அவள் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. எண்பத்தைந்தில் கல்யாணம் நடந்தபோது அது யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இரண்டாவது முறை கர்ப்பம் கலைந்தபோதுதான் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். இனிப் பிள்ளை என்ற நினைப்பே கூடாது, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட வேண்டும், என்றைக்காவது ஒருநாள் ஆபரேஷனும் தேவைப்படும் என்றார். பேட்டை மருந்தகத்தில் ஐயம்பெருமாளின் அட்டையைக் காட்டி அவள் ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.

பெண்வீட்டார் தெரிந்தே மறைத்துவிட்டார்கள் என்று ஐயம்பெருமாள் நம்பினான். சித்தப்பா மகனின் புதுவீட்டுப் பால்காய்ப்பில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோது யாரோ பிள்ளையைப் பற்றிக் கேட்டார்கள். "நோயாளியை என் தலையில கட்டிட்டாவ, அப்புறம் எங்க பிள்ளை?" என்றான். எதிர்வரிசையில் பிரம்மநாயகி இருந்தாள். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து கையைக் கழுவினாள். அன்றைக்கே பஸ் ஏறி அண்ணன் தில்லைநாயகம் வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை. சேரன்மகாதேவியில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். ஊசிக்கு மட்டும் அட்டையோடு பேட்டை மருந்தகத்துக்கு வந்துபோனாள்.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. தொண்ணூற்று நாலு பிப்ரவரியில் இரண்டு பேரும் சம்மதித்து விவாகரத்துக்கு மனுப் போட்டார்கள். சீதாலக்ஷ்மி என்ற வக்கீல் அம்மாள்தான் இருவருக்கும் சேர்த்து மனுவை எழுதினாள்.

"ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் வந்து சம்மதம்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் தீர்ப்பு. அதுவரைக்கும் சட்டப்படி நீங்க புருஷன் பொண்டாட்டிதான்" என்றாள்.

பாளையங்கோட்டைக் கோர்ட்டில் நீதிபதி வழக்கமான கேள்வியைக் கேட்டார். சேர்ந்து வாழ வழியே இல்லையா? பிரம்மநாயகி தலையை நிமிர்த்தி, "இவுக கூட ஒரே வீட்டுல இருந்தா எனக்கு மூச்சு முட்டுது ஐயா" என்றாள். பின்னால் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு ஐயம்பெருமாள் கூடவே பஸ்ஸில் வந்தது.

மறுநாள் காலையில் மேஜையில் பதினொரு படிவங்கள் இருந்தன. குடும்பத்தில் மாற்றம் உள்ள தொழிலாளிகளின் படிவங்கள். அவற்றை முடித்துவிட்டு அவன் பன்னிரண்டாவதாக ஒன்றை எடுத்தான். தன் பெயரையும் தன் இன்சூரன்ஸ் எண்ணையும் எழுதினான். நீக்கப்பட வேண்டியவர்: பிரம்மநாயகி, மனைவி. காரணம் என்ற இடத்தில் "பிரிந்து வாழ்கிறார்" என்று எழுதினான்.

அது காரணமே ஆகாது என்று அவனுக்குத் தெரியும். வேறொரு தொழிலாளி வந்து அப்படி எழுதச் சொல்லியிருந்தால், "தீர்ப்பு நகல் கொண்டா, அதுக்கு முன்ன வெட்ட முடியாது, போவே" என்று திருப்பி அனுப்பியிருப்பான். அதைவிட ஒன்றும் தெரியும். ஜனவரியில் மருந்தக டாக்டர் பிரம்மநாயகியைப் பரிசோதித்து, வால்வு ரொம்பச் சுருங்கிவிட்டது, மதுரைக்குப் போய் விரிக்க வேண்டும் என்று கடிதம் எழுதியிருந்தார். ஏப்ரலில் தேதி. கடிதத்தின் நகல் மில்லுக்கு வந்தபோது கோப்பில் தைத்து வைத்தவன் அவன்தான்.

மானேஜர் பன்னிரண்டு படிவத்திலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். ஒன்றையும் வாசிக்கவில்லை. ஐயம்பெருமாள் எழுதியதை எதற்கு வாசிக்க வேண்டும்?

முதல் சில நாள் ஒரு நிறைவுகூட இருந்தது. மூச்சு முட்டுதாம், முட்டட்டும். பிறகு அதை மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். ஏப்ரல் மாதம் தேதி கிழிக்கும்போது மட்டும் மதுரைக் கடிதம் ஞாபகம் வந்தது. இன்றைக்கே ஒரு படிவம் எழுதிச் சேர்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அன்று ஆடிட் வந்தது, மறுநாள் பண்டிகை முன்பணப் பட்டியல். நாள் போய்விட்டது.

மே மாதம் பதினேழாம் தேதி மில் வாசலுக்குத் தில்லைநாயகம் வந்தார். சேரன்மகாதேவியில் உரக்கடை வைத்திருந்தவர், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"மாப்ளே, உங்ககிட்ட வரக்கூடாதுன்னுதான் பாத்தேன். வேற வழி தெரியல. பிரமுக்கு வலது பக்கம் இழுத்துட்டு. காலைல கரும்பலகையில எழுதிட்டு இருந்தவ அப்படியே சரிஞ்சிட்டா. நெஞ்சுல ரத்தம் கட்டி மூளைக்குப் போயிட்டுதாம்."

ஐயம்பெருமாள் வாசலை விட்டு வெளியே வந்தான். "மதுரைக்குப் போகலியா? ஏப்ரல்ல தேதி இருந்துச்சே?"

"போகத்தான் கிளம்பினா. அதுக்கு முன்ன மார்ச்சுல ஊசி போடப் பேட்டை மருந்தகத்துக்குப் போயிருக்கா. கம்பவுண்டர் அட்டையை வாங்கிப் பேரேட்டுல பாத்துட்டு, உங்க பேரை வெட்டியாச்சும்மா, மில்லுல கேளுங்கன்னு சொல்லிட்டாரு. கேஸ் போட்டாச்சுன்னா பேரை எடுத்துருவாவபோலன்னு நெனச்சு வந்துட்டா. வரிசையில நின்னவுக எல்லாம் பாத்தாவளாம், அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதா. உங்ககிட்ட கேக்கலாம்னேன். செத்தாலும் கேக்க மாட்டேன்னுட்டா. வெளியில ஊசி போட ரெண்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அந்த ஊசி சிலருக்கு ஒத்துக்கிடாதாமே, பொறுப்பெடுக்க மாட்டோம்னுட்டாவ. மதுரைச் செலவைக் கைக்காசு போட்டுப் பாக்க என்னால முடியல."

"கேஸ் போட்டா பேரை எடுக்கக் கூடாது, மச்சான்" என்றான் ஐயம்பெருமாள். வாய் தானாகப் பேசியது. "ஆபீஸ்ல ஏதோ தப்பு நடந்திருக்கு. நான் இன்னைக்கே சேத்துருதேன்."

தில்லைநாயகம் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

படிவம் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "தவறுதலாக நீக்கப்பட்டது" என்று காரணம் எழுதினான். தானே அலுவலகத்துக்குக் கொண்டுபோய் முத்திரை வாங்கி, மருந்தகத்தில் கடிதம் வாங்கி, சாயங்காலத்துக்குள் அவளைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். யாரும் அவனை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்பதற்கு இருந்தவனும் அவன்தானே.

பிரம்மநாயகி கண்ணைத் திறந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு குழறி வந்தது. வலது கை போர்வைக்கு மேலே அவளுடையது அல்லாததுபோலக் கிடந்தது. அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் குனிந்து, ஆபீஸ் தப்பை மாப்பிள்ளை சரிபண்ணிவிட்டார் என்று காதில் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பி, இடது கையைச் சிரமப்பட்டு உயர்த்திக் கும்பிடுவதுபோல நெஞ்சருகே வைத்தாள். ஐயம்பெருமாள் வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றான்.

ஆகஸ்டில் கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. ஐயம்பெருமாள் வக்கீல் அம்மாளிடம் போய், தீர்ப்பு வந்துவிட்டால் அட்டையில் பெயர் நிற்காது, ஆபரேஷன் முடியும்வரை தள்ளிப்போட வேண்டும் என்றான். ஒன்றரை வருடம் வரை தள்ளலாம் என்றாள் சீதாலக்ஷ்மி. பிரம்மநாயகிக்கு இது சந்தேகத்தைக் கொடுத்தது. பேச்சு ஓரளவு திருந்தியிருந்தது.

"என்னை மறுபடி வீட்டுக்குக் கூப்பிடுதீங்களா?" என்று நேராகவே கேட்டாள்.

"இல்ல."

"வரமாட்டேன். அதைச் சொல்லிடுதேன். அட்டைக்காக மட்டும்னா சரி."

"அட்டைக்காக மட்டும்தான்."

டிசம்பரில் மதுரையில் ஆபரேஷன். அதற்கு முந்தின நாள் டாக்டர் ஐயம்பெருமாளையும் தில்லைநாயகத்தையும் உட்காரவைத்து விளக்கினார். இளவயசு டாக்டர். படம் போட்டுக் காட்டினார்.

"ஏப்ரல்லயே வந்திருந்தா தொடையில குழாய் விட்டு, பலூனை வச்சு விரிச்சிருக்கலாம். ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிருப்பாங்க. இப்ப உள்ளே ரத்தக்கட்டி இருக்கு, நெஞ்சைத் திறந்துதான் ஆகணும். ஏன் இவ்வளவு லேட்டாக் கூட்டிட்டு வந்தீங்க?"

"ஆபீஸ்ல ஒரு தப்பு நடந்துபோச்சு சார்" என்றார் தில்லைநாயகம். ஐயம்பெருமாள் மேஜைமேல் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில், நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. கணவர் என்று எழுதினான்.

ஆறு மணி நேரம் ஆனது. பிழைத்துக்கொண்டாள். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழ்வரை தையல். வார்டில் இருந்த இருபது நாளும் ஐயம்பெருமாள் விடுப்புப் போட்டுவிட்டு மதுரையிலேயே இருந்தான். மருந்துச் சீட்டோடு ஓடினான், கஞ்சி வாங்கி வந்தான். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் தில்லைநாயகம், "பிரியப் போறவுக யாரு இம்புட்டுச் செய்வாவ, சொல்லுங்க" என்பார். வந்தவர்கள் ஐயம்பெருமாளை ஒருமாதிரி மரியாதையோடு பார்ப்பார்கள். அவன் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிடுவான். ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். உள்ளே போனான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. விழித்த பிறகும் சொல்லவில்லை. உடம்பு தேறாத நேரத்தில் சொல்லக்கூடாது என்று தனக்கே ஒரு நியாயம் வைத்துக்கொண்டான். அது நல்ல நியாயம்தான். அவனுக்கும் வசதியாக இருந்தது.

தொண்ணூற்றைந்து மார்ச்சில் மூன்று பேரும் சமாதானபுரத்தில் இருந்த சீதாலக்ஷ்மியின் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் கோர்ட். வக்கீல் அம்மாள் கடைசி மனுவை வாசித்துக்கொண்டே வந்தாள்.

"ஒரு விஷயம் இருக்கு. தீர்ப்பு வந்த நாள்லேர்ந்து இவங்க பேர் இ.எஸ்.ஐ.யில இருக்காது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஆயுசு முழுக்கச் சாப்பிடணும், மாசாமாசம் ரத்தம் டெஸ்ட் பண்ணணும். அந்தப் பொறுப்பு யாரோடதுன்னு எழுதணுமா?"

"வேண்டாம்மா" என்றாள் பிரம்மநாயகி. "எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லைன்னு எழுதிருங்க. இவுக செஞ்சதே போதும். ஒரு காலத்துல வாய் தவறிப் பேசிட்டாவ, ஆனா கஷ்டத்துல வந்து நின்னாவ."

சீதாலக்ஷ்மி பேனாவை எடுத்தாள்.

"அதை எழுதாதீங்க" என்றான் ஐயம்பெருமாள்.

மூவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆபீஸ்ல தப்பு ஒண்ணும் நடக்கல. பேரை வெட்டுனது நான்தான். நானே எழுதி, நானே அனுப்புனேன்."

தில்லைநாயகத்துக்கு உடனே விளங்கவில்லை. "எந்தப் பேரை?" என்றார். பிறகு விளங்கியது. நாற்காலி பின்னால் சரிய எழுந்து அவன் சட்டையைப் பிடித்தார். அதிர்ந்து பேசாத மனிதருக்குத் திட்டுவதற்கு வார்த்தை வரவில்லை. "உம்ம கையப் பிடிச்சேனேவே, உம்ம கையப் போய்ப் பிடிச்சேனே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, விடு" என்றாள் பிரம்மநாயகி.

அவள் முகத்தில் அழுகை இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"என்னைக்கு வெட்டுனீங்க?"

"கோர்ட்டுக்குப் போன மறுநாள்."

"மதுரைக் கடுதாசி வந்தது அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் மூச்சு முட்டுதுன்னு சொன்னதுக்கா?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"இதை அன்னைக்கே மில் வாசல்ல அண்ணன்கிட்ட சொல்லியிருந்தா, யாரை நம்பலாம் யாரை நம்பக்கூடாதுன்னாவது எனக்குத் தெரிஞ்சிருக்கும். இவ்வளவு நாளா உங்களை நல்லவுகன்னு நெனச்சு, நான்தான் அவசரப்பட்டு வீட்டை விட்டு வந்துட்டேனோன்னு ராத்திரியெல்லாம் என்னையே ஏசிக்கிட்டுக் கெடந்தேன். இப்பச் சொல்லுதீங்க. இதுல எனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. உங்களுக்குத்தான்."

அவள் சொன்னது உண்மை என்று அந்த நேரத்திலேயே அவனுக்குத் தெரிந்தது. நெஞ்சில் ஒரு பாரம் குறைந்திருந்தது. குறைந்ததே அவமானமாக இருந்தது.

பிரம்மநாயகி வக்கீல் பக்கம் திரும்பினாள். "அம்மா, மாத்திரையும் டெஸ்டும் இவுக பொறுப்புன்னு எழுதுங்க. எனக்குன்னு வேற வழி அமையுத வரைக்கும். பிச்சையா எழுத வேண்டாம், கடமைன்னு எழுதுங்க."

சீதாலக்ஷ்மி அப்படியே எழுதினாள். மறுநாள் நீதிபதி இது உங்கள் சொந்த விருப்பமா என்று கேட்டபோது ஐயம்பெருமாள் ஆமாம் என்றான். விவாகரத்து கிடைத்தது.

அடுத்த வாரம் மில்லில் அவன் மறுபடி ஒரு படிவத்தை எடுத்து, பிரம்மநாயகியின் பெயரை நீக்க எழுதினான். இந்தத் தடவை காரணம் சரியாக இருந்தது, தீர்ப்பு நகலும் கூட இருந்தது. அனுப்பிவிட்டு நகலைக் கோப்பில் தைத்து வைத்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷனில் ஹாஜாவின் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு சேரன்மகாதேவிக்குப் பஸ் ஏறுவான். உரக்கடையில் தில்லைநாயகத்தின் மேஜைமேல் பொட்டலத்தை வைப்பான். அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். ரத்தம் எடுக்கிற இடத்தில் முன்கூட்டியே பணம் கட்டிச் சொல்லிவைத்திருப்பான், அவன் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் போய்வருவாள். நர்சரிப் பள்ளியில், எழுத முடியாத டீச்சரை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்பது அவனுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அந்த மாதம் பொட்டலத்துக்குள் ஒரு தாளையும் வைத்தான். இ.எஸ்.ஐ. கட்டுகிற கம்பெனிகள், உட்கார்ந்து செய்கிற வேலைகள், யாரைப் பார்க்க வேண்டும் என்று முத்துமுத்தாக எழுதியிருந்தான். விவாகரத்தானவளுக்குப் புருஷன் அட்டையில் இடம் இல்லை, ஆனால் அவளே வேலை பார்த்தால் அவளுக்கென்று ஓர் அட்டை உண்டு. அந்தத் தாளுக்குப் பதில் எதுவும் வரவில்லை.

தொண்ணூற்றேழு ஆடி மாதத்தில் அவனுக்கு இருமல் விடாமல் இருந்தது. பேட்டை மருந்தகத்துக்குப் போனான். ஆண்கள் வரிசையில் நின்றபோது பக்கத்துப் பெஞ்சில் பிரம்மநாயகி உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கையில் புது அட்டை.

போய்விடலாமா என்று பார்த்தான். அவளே, "இருமல் ரொம்ப நாளா இருக்கா?" என்று கேட்டாள்.

"பத்து நாளா." பிறகு அட்டையைக் காட்டி, "வேலையா?" என்றான்.

"பேட்டையில ஒரு அச்சாபீஸ். பிழை திருத்துத வேலை. இடது கையால எழுதப் பழகிட்டேன். சேந்து ஒரு மாசம் ஆகுது."

"நான் எழுதிக் குடுத்த தாள்ல..."

"அதுல இல்லாத எடம் இது. நானா விசாரிச்சுச் சேந்தேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "இனிமே மாத்திரை கொண்டாந்து வைக்க வேண்டாம். இங்கனயே தாராவ. வக்கீலம்மாகிட்டயும் எழுதிக் குடுத்துட்டேன், உங்க பொறுப்பு முடிஞ்சுதுன்னு."

"பிரமு, நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தான்.

"அது இன்னும் முடிஞ்சு போகல" என்றாள் அவள். "அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

உள்ளே இருந்து கம்பவுண்டர் கூப்பிட்டார். அவள் இடது கையால் பெஞ்சை ஊன்றி எழுந்து, காலைப் பைய எடுத்துவைத்து உள்ளே போனாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் கால் தானாக ஜங்ஷனுக்கு வந்துவிட்டது. ஹாஜா அவனைப் பார்த்ததும் கேட்காமலேயே மாத்திரைப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"வேண்டாம் பாய். இனி வேண்டாம்."

"ஏன், அவங்களுக்குச் சொகமாயிட்டா?"

"வேற எடத்துல வாங்கிக்கிடுதாவ."

ஹாஜா பெட்டியைத் திரும்ப அடுக்கினார். "ரெண்டு வருசத்துக்கு மேலே, ஒரு மாசம் தவறல நீங்க. பிரிஞ்ச பிறகும் இப்படிச் செய்ய ஒரு மனசு வேணும் அண்ணாச்சி. அல்லாஹ் உங்களை நல்லா வச்சிருப்பான்."

கடையில் இன்னும் இரண்டு பேர் சீட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஐயம்பெருமாள் கிளம்பத் திரும்பினான், பிறகு நின்றான்.

"அப்படிச் சொல்லாதீங்க பாய். அவ கை விளங்காமப் போனது என்னாலதான்" என்றான்.

நின்றவர்களில் ஒருவர் தன் சீட்டை நீட்டினார். ஐயம்பெருமாள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, வெயிலில் இறங்கி நடந்தான்.